லெட்டர்ல இருப்பது ப்ரமோஷன்தானா? ட்ரீட் வைக்கிறதுக்கு முன்னாடி படிங்க!



போன வருஷம் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். “அண்ணா, மேனேஜர் ஆயிட்டேன்!” லெட்டரை அனுப்பச் சொல்லி வாசிச்சேன். அதில் ப்ரமோஷன் என்ற வார்த்தையே இல்லை. ‘ரீடெசிக்னேஷன்’ என்றுதான் இருந்தது. பேசிக் அதே 30,000 ரூபாய். நோட்டீஸ் பீரியட் மட்டும் 30 நாளிலிருந்து 90 நாள். கையெழுத்தும் போட்டுட்டார். நாலு மாசத்தில் நல்ல ஆஃபர் வந்தது, ஒரு மாசத்தில் சேரணும்னாங்க. கைநழுவிப் போச்சு.

நாம எல்லாத்தையும் ‘பதவி உயர்வு’ன்னு சொல்லிடறோம். ஹெச்ஆர் அப்படி எழுதறதில்லை.

ப்ரமோஷன்: கிரேடு மேலே போகணும். பொறுப்பும் கூடும், வழக்கமா சம்பளமும் கூடும்.

அப்கிரேடேஷன்: அதே நாற்காலி, அதே வேலை, சம்பள நிலை மட்டும் உயரும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 10, 20, 30 வருஷ சர்வீஸில் வரும் எம்ஏசிபி இந்த வகைதான். இரண்டும் ஒன்றல்ல என்று 2011-ல் பிஎஸ்என்எல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே பிரித்துக் காட்டியது.

இன்க்ரிமென்ட்: சம்பளம் மட்டும்.

ரீடெசிக்னேஷன்: பெயர் மட்டும்.

எலிவேஷன்: ஹைகோர்ட் நீதிபதி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனால் சொல்கிற கௌரவமான வார்த்தை. உங்க லெட்டரில் வந்தா, சந்தோஷப்படுங்க, கூடவே கிரேடு என்னன்னும் கேளுங்க.

வார்த்தையில் என்ன இருக்குன்னு கேட்கறீங்களா? கிராஜுவிட்டி கணக்கு போடுவோம். கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் கடைசி மாசச் சம்பளம் × 15/26 × சர்வீஸ் வருஷம். 6 வருஷத்துக்கு, அந்தச் சம்பளம் 30,000 என்றால் 1,03,846 ரூபாய். 36,000 என்றால் 1,24,615. கிட்டத்தட்ட 20,800 ரூபாய் வித்தியாசம். ‘மேனேஜர்’ என்ற பட்டத்துக்கு இந்த ஃபார்முலாவில் இடமே இல்லை.

பட்டம் வேஸ்ட்னு நான் சொல்லலை. அடுத்த இன்டர்வியூவில் அது உதவும். ஆனா அதுக்கு நீங்க என்ன விலை கொடுக்கறீங்கன்னு தெரிஞ்சு கொடுங்க.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மெயிலில் மூணே கேள்வி: கிரேடு மாறுதா? பேசிக் எவ்வளவு கூடுது? நோட்டீஸ் பீரியட் மாறுதா?

பதில் வந்ததும் ஸ்வீட் பாக்ஸ் வாங்குங்க!