கிண்டியில் வரைந்த எல்லைக்கோடு

புரதங்களின் வடிவத்தைக் கணினியால் முன்கூட்டியே சொன்னதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கும் 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இந்தத் துறைக்கு விருது வரும்போதெல்லாம் ஜி.என். ராமச்சந்திரனுக்குத் தரவில்லையே என்ற ஆதங்கம் நமக்குள் எழும். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் அதையே பேசிப் பேசி, அவர் செய்த வேலை என்ன என்பதை மறந்துகொண்டிருக்கிறோம்.

1952-இல் கிண்டியில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. சென்னைக்கு வந்திருந்த படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்றார். தோல், தசைநாண், எலும்பு என்று உடலெங்கும் இழையோடும் புரதம் அது. அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது; தோலின் மூலப்பொருளே கொலாஜன் என்பதால் ஆய்வுக்குரிய பொருளும் அக்கம்பக்கத்திலேயே கிடைத்தது. கங்காருவின் வால் தசைநாண் நல்ல எக்ஸ்கதிர்ப் படங்களைத் தந்தது.

துப்புத் தந்தது ஓர் எளிய கணக்கு. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். புரதச் சங்கிலியில் கோத்திருக்கும் அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான். மற்றவற்றுக்குப் பக்கக்கிளையாக அணுக்கூட்டம் இருக்கும் இடத்தில் கிளைசினுக்கு ஒற்றை ஹைட்ரஜன் மட்டுமே. மூன்று இழைகள் முப்புரிக் கயிறாக முறுக்கிக்கொண்டால் நடுவில் இடமே இருக்காது. அந்த நெருக்கடியில் நுழையக்கூடியது கிளைசின் ஒன்றுதான்; அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அது வருகிறது. ராமச்சந்திரனும் அவரோடு பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955-இல் வெளியிட்ட இந்த மாதிரியின் உண்மையை நோயாளிகளின் உடலிலும் பார்க்கலாம். மரபணுப் பிழையால் ஒரே ஒரு கிளைசினின் இடத்தில் பெரிய அமிலம் ஒன்று உட்கார்ந்துவிட்டால் போதும், முறுக்கு குலையும். லேசாக இடித்தாலே முறியும் எலும்புகளோடு குழந்தை பிறக்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமிலங்கள் கோத்த இழையில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருக்கும்.

பிரிட்டனில் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இந்த மாதிரியை ஏற்கத் தயங்கினார்கள். சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கிவிட்டன என்பது அவர்களின் வாதம். இந்த இடத்தில்தான் ராமச்சந்திரன் என்ற மனிதர் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது. என் மாதிரி சரி என்று வாதாடுவதோடு அவர் நிற்கவில்லை. அணுக்கள் எவ்வளவு தூரம்வரை நெருங்கலாம் என்று அதற்கும் அடியிலிருந்த கேள்வியைக் கேட்டார். அதுவரை தெரிந்திருந்த படிகங்களில் அணுக்களுக்கு இடையே உள்ள தூரங்களைத் துருவித் தொகுத்து, வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும் அவரும் கணக்கிட்டார்கள். புரதச் சங்கிலி ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்களில் திரும்பலாம். ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்து வரைந்தால், கிளைசின் நீங்கலாக, ஏறக்குறைய முக்கால் பங்கு இடம் காலியாகக் கிடந்தது. அங்கே போனால் அணுவோடு அணு மோதும். 1963-இல் வெளிவந்த இதுவே ராமச்சந்திரன் வரைபடம்.

ஒரு விமர்சனத்துக்குப் பதில் தேடப் போய், எல்லாப் புரதங்களுக்கும் பொருந்தும் ஒரு விதியோடு அவர்கள் திரும்பினார்கள். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று, தன் ஆசிரியர்களை ஒரே கேள்வியில் ஆண்டுக்கணக்கில் உழல அனுமதித்ததன் விளைவு இது. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பதவி உயர்வு தரும் இன்றைய முறையில் அந்த அவகாசம் யாருக்குக் கிடைக்கும்? நம் பல்கலைக்கழகங்களை நடத்துகிறவர்களிடம் இதைக் கேட்டாக வேண்டும்.

அவர் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார்; 2001-இல் சென்னையில் காலமானார். சோதனைச்சாலையில் கண்டறிந்த புரத அமைப்பானாலும் கணினி கணித்த அமைப்பானாலும், அது சரியா என்று பார்க்க இன்றைக்கும் அந்த வரைபடத்தில் புள்ளிகளை இட்டுப் பார்க்கிறார்கள். தடைசெய்த பகுதியில் புள்ளி விழுந்தால் முதலில் பிழையைத் தேடுவார்கள். பெரும்பாலும் பிழை இருக்கும். சில நேரங்களில் இருக்காது. அப்போது அந்த இடத்தை இன்னும் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். சங்கிலி அவ்வளவு சிரமப்பட்டு வளைந்திருக்கும் இடம், பல வேளைகளில், அந்தப் புரதம் தன் வேலையைச் செய்யும் இடமாகவே இருந்திருக்கிறது.