செத்த முகவரிகளை நீக்குவது பற்றி

கொட்டாம்பட்டியில் எங்கள் வாசகர் வட்டத்துக்கென்று ஒரு கணினி இருக்கிறது. நண்பர் ஒருவரின் வீட்டு மாடியறையில், பழைய தீபாவளி மலர்களுக்கும் நின்றுபோன சிற்றிதழ்க் கட்டுகளுக்கும் நடுவே. சிற்றிதழ்களை ஸ்கேன் செய்த பக்கங்களும், மேலூர், நத்தம், சிங்கம்புணரி வட்டாரங்களில் 2007 முதல் நாங்கள் பதிவு செய்துவரும் ஒப்பாரி, தாலாட்டு, கும்மிப் பாடல்களும் அதில்தான் உள்ளன. இரவு பதினோரு மணிக்குக் காப்புநகல் மென்பொருள் தானாக எழுந்து, புதிதாக வந்தவற்றை வேறு இடங்களில் படியெடுத்து வைத்துவிட்டு, விடிவதற்குள் எங்கள் அனைவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அந்த மின்னஞ்சலை நாங்கள் பல ஆண்டுகளாகப் படிக்கவில்லை.

படிக்காததற்குக் காரணம் உண்டு. படி வைக்கவேண்டிய இடங்கள் என்று மென்பொருளில் ஆறு முகவரிகள் பதிந்திருந்தன. ஒன்று, டிவிடி எழுதும் கருவி. அது பழுதாகிப் பழைய இரும்புக் கடைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. இரண்டு, 2008இல் ஒரு நண்பர் பணம் கட்டி வாங்கித் தந்த இணையதள இடம். மறு ஆண்டோ அதற்கு மறு ஆண்டோ புதுப்பிக்க மறந்துவிட்டோம். மூன்றாவது, மூடப்பட்டுவிட்ட ஓர் இணையச் சேமிப்புக் கிடங்கு. நான்காவது, 'இ' என்ற எழுத்தால் மட்டுமே குறிக்கப்பட்ட ஒரு பென் டிரைவ். அது யாருடைய சட்டைப்பையில் போயிற்று என்பது இன்றுவரை சர்ச்சை. உயிரோடு இருந்தவை இரண்டு: மேசை மேலிருந்த வெளி வன்தட்டு, மேலூரில் ஓர் உறுப்பினர் வீட்டுக் கணினி. இணைய வேகம் போதாததால் மேலூருக்கு எழுத்துக் கோப்புகள் மட்டுமே போகும். ஒலிப்பதிவுகளுக்கு வன்தட்டு ஒன்றே கதி.

ஆகவே தினமும் காலையில் வந்த செய்தி ஒன்றுதான்: 'நான்கு இடங்களில் தோல்வி.' ஒரு நாள் அது 'ஐந்து இடங்களில் தோல்வி' என்று மாறியது. யாரும் கவனிக்கவில்லை. நான்கு மாதங்கள் கழித்து, சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் கணினியின் சொந்த வட்டும் போனபோதுதான், அந்த ஐந்தாவது எது என்று தெரிந்தது. அந்த நான்கு மாதங்களில் பக்கத்துக் கிராமத்துப் பாட்டி ஒருவரிடம் பதினொரு ஒப்பாரிப் பாடல்கள் பதிவு செய்திருந்தோம். மறுபடி பாடச் சொல்லிக் கேட்கலாம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம். தை மாதம் அவர் காலமானார்.

இதை எழுதுவது பரிதாபம் தேடி அல்ல. செத்த முகவரியால் என்ன கெடுதல், சும்மா இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இலக்கிய நண்பர்கள் பலர் இன்றும் நினைப்பதால்தான். பொய்யான அபாயமணி நான்கு ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் மெய்யான ஐந்தாவது காதில் விழாது. கெடுதல் அதோடும் நிற்பதில்லை. காலாவதியான இணையப் பெயரை வேறொருவர் விலைக்கு வாங்கிவிட முடியும். நம் மென்பொருளோ நாள் தவறாமல் அந்த வாசலில் போய்க் கடவுச்சொல்லை நீட்டிக்கொண்டிருக்கும். பழைய எஃப்டிபி முறையில் அந்தக் கடவுச்சொல் மறையாக்கம்கூட இல்லாமல் வெறும் எழுத்தாகவே பயணம் செய்வது. 'இ' விஷயம் இன்னும் வேடிக்கை. விண்டோஸ் கணினியில் அந்த எழுத்து குறிப்பிட்ட ஒரு பென் டிரைவுக்கு மட்டும் சொந்தமல்ல. அப்போது காலியாக இருந்தால் செருகப்படும் எதற்கும் அது கிடைக்கும். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க வந்த ஒருவரின் பென் டிரைவில் எங்கள் சிறுகதைக் கையெழுத்துப் பிரதிகள் குடியேறிய வரலாறு உண்டு. (அவர் படித்தாரா என்று தெரியவில்லை. படித்திருந்தால் எங்களுக்கு ஒரு வாசகர் கூடியிருப்பார்.)

ஆக, நீக்கத்தான் வேண்டும். அடுத்த கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, நான்கையும் இப்போதே அழித்துவிடலாம், இரண்டு நிமிட வேலை என்றார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் எங்களுக்கு மாறுபாடு.

உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிப் போனதைச் சொல்கிறார். கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் எங்கே என்று கேட்டவருக்கு, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகவும், அதுவே ஆகம விதி என்றும் பதில் கிடைத்தது. ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கமும் நாம் அறிந்ததே. இவற்றை மூடத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். ஆனால் பனையோலைக்கு ஆயுள் குறைவு. பூச்சியும் ஈரமும் அரித்துக்கொண்டே இருக்கும். புதிய ஓலையில் படியெடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டு, அதன்பின் நைந்ததைக் கழிப்பது என்பது ஒழுங்கான நடைமுறைதான். படியெடுக்கும் கைகள் ஓய்ந்தன. கழிக்கும் கைகள் மட்டும் ஓயவில்லை. முதல் பாதி மறந்து இரண்டாம் பாதி சடங்காக மிஞ்சியது. நீக்கு என்ற பொத்தானை நாம் அழுத்தும் விதமும் பெரும்பாலும் அப்படித்தான்.

அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்பதும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். சிலவற்றில் முகவரி மட்டும் போகும், அங்கிருக்கும் பொருள் அப்படியே கிடக்கும்; ஆனால் எந்தத் தேதியில் எந்தக் கோப்பு அங்கே போனது என்ற பேரேடு போய்விடக்கூடும். சிலவற்றில் பொருளையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி வரும். நாம் படிக்காமலே சம்மதிப்போம். முதல் நாள் முழுப்படி, பிறகு மாற்றங்கள் மட்டும் என்று சேமிக்கும் முறையில், முழுப்படி பழைய இடத்திலேயே இருந்துவிட்டால் பின்னால் வந்த துண்டுகள் தலையில்லா முண்டங்கள். மறையாக்கத் திறவுச்சொல் தொலைந்தாலும் இதே கதிதான்.

காத்திருக்கவும் நேரமில்லை. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ராயர் காபி கிளப், மரத்தடி, அகத்தியர் என்று நம்மில் பலர் எழுதப் பழகிய மடலாற்குழுக்களைத் தாங்கிய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றாக நின்றன. அமேசான் டிரைவ் 2023ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னறிவிப்பு இருந்தது. அறிவிப்பைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மதுரைத் திட்டத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த முயற்சியின் ஆரம்பகாலக் கோப்புகளில் தமிழ்.நெட் முகவரி இருக்கும். எழுத்து திஸ்கி குறியாக்கத்தில் இருக்கும். பின்னர் முகவரி மாறியது, ஒருங்குறி வந்தது. நூல்கள் தொலையவில்லை. முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் யாரும் படியெடுத்துப் பரப்பலாம் என்று முதலிலேயே அனுமதித்திருந்தார்கள். எத்தனை கணினிகளில் அந்தக் கோப்புகள் கிடக்கின்றன என்பதற்குக் கணக்கில்லை. எங்கள் ஊருக்கு அருகே கருங்காலக்குடிக் குன்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதை வெட்டியவருக்கு இரண்டாம் படி தேவைப்படவில்லை. பாறைக்குச் சந்தா கட்டவேண்டியதில்லை. நமக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு நிமிட வேலை எங்களுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தது. மேலூரில் ஓர் அச்சகத்தில் டிவிடி ஓட்டும் கருவி இரவல் கிடைத்தது. பதினான்கு தகடுகளில் மூன்று படிக்கவில்லை. மற்றவற்றில், பதிவே செய்யவில்லை என்று நாங்கள் சாதித்துக்கொண்டிருந்த 2009ஆம் ஆண்டுக் கும்மி ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் புதிய வட்டுக்கு மாற்றி, ஆளுக்குப் பத்துக் கோப்பு என்று திறந்து பார்த்தோம், கேட்டோம். பிறகுதான் நான்கு முகவரிகளையும் நீக்கினோம். எது எங்கே இருந்தது, எப்போது எடுக்கப்பட்டது, யார் சரிபார்த்தார் என்று ஒரு நீளக் கணக்கு நோட்டில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறோம். கணினி யுகத்தில் நோட்டா என்று சிரித்தவர்தான் இப்போது அதற்கு அட்டை போட்டுத் தந்திருக்கிறார்.

பட்டியலில் இப்போது மூன்று முகவரிகள். ஒலிப்பதிவுகளும் மேலூருக்குப் போகின்றன. இரவு முழுக்கப் போகின்றன. காலை மின்னஞ்சலை வாரத்துக்கு ஒருவர் முறைவைத்துப் படிக்கிறோம். அந்தப் பாட்டி பாடிய ஒரு பாட்டைப் பேத்தி தன் கைப்பேசியில் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்வி. வரும் ஞாயிறு போய்ப் பார்க்கவேண்டும், அவர் கைப்பேசியை மாற்றுவதற்குள்.