எலும்புக்கு இடும் ஆணியும் இரும்புக் கடை ஆணியும்

சுங்கத் தீர்வை என்றவுடன் அது கொழும்புத் துறைமுகத்து வணிகர்களின் விவகாரம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுவது நம் மக்களின் வழக்கம். மோட்டார் வண்டியின் வரியைப் பற்றி வீதிக்கு வீதி பேசுகிறோம். கால் முறிந்தவனுக்குப் பொருத்தும் தகட்டுக்கும், கண்புரை நீக்கப்பட்ட மூதாட்டியின் கண்ணில் வைக்கும் வில்லைக்கும் எந்த இலக்கத்தின் கீழ் வரி கணிக்கப்படுகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் வணிகர்கள் அல்லர், நாமே.

பொத்துவில், அறுகம்பே தொடங்கித் திருக்கோவில், அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது ஊடாகக் கல்முனை வரை நீண்டு கிடக்கும் இக்கரையோரத்தில், தமிழரும் முஸ்லிம்களும் வயலையும் கடலையும் நம்பி வாழ்கின்றனர். உழவு இயந்திரம் புரண்டு தொடையெலும்பு முறிந்தவரும், தோணி தள்ளுகையில் மணிக்கட்டு முறிந்தவரும், வெயிலில் உழைத்து முதுமையில் பார்வை மங்கியவரும் இங்கே எந்த ஊரிலும் உண்டு. இவர்களுக்கு இலவச வைத்தியம் அளிப்பது இந்நாட்டின் பெருமை. ஆனால் அரசாங்கக் களஞ்சியத்தில் கையிருப்புத் தீர்ந்தால் அப்பெருமை என்னாகும் என்பதை 2022 நமக்குக் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேயே, மருந்தின்மையால், நாள் குறித்திருந்த சத்திர சிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. இத்தகைய வேளைகளில் தகட்டையும் திருகாணியையும் வில்லையையும் வெளியே விலைகொடுத்து வாங்க வேண்டியவன் நோயாளி. அவன் கொடுக்கும் விலையினுள் வரியும் ஒளிந்திருக்கிறது.

அந்த வரி எவ்வாறு பிறக்கிறது? இறக்குமதியாகும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. பிரசெல்சு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட உலக சுங்க அமைப்பின் இசைவாக்கப்பட்ட முறைமை 1988 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது; இலங்கையும் அதனையே பின்பற்றுகிறது. சுங்கத் தீர்வை, செஸ் வரி, துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி ஆகியன யாவும் அவ்விலக்கத்தைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன. பெறுமதி சேர் வரியோ, பொருளின் பெறுமதியோடு முன்சொன்ன வரிகளையும் கூட்டிய தொகையின்மீது ஏறுகிறது. வரியின்மேல் வரி என்பது இதுவே. அவ்வரி 2024 சனவரியில் நூற்றுக்கு 18 ஆக உயர்த்தப்பட்டது.

கணக்கை எளிதாக்கி ஓர் உதாரணம் சொல்வோம். நூறு ரூபாப் பெறுமதியான ஒரு பொருள். ஓர் இலக்கத்தில் அதற்குத் தீர்வை இல்லை. மற்றோர் இலக்கத்தில் நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் பெறுமதி சேர் வரியோடு 118 ரூபா. இரண்டாவதில் 120 ரூபாவின்மீது 18 வீதம் ஏறி 141 ரூபா 60 சதம். பொருள் ஒன்று, செய்தவன் ஒருவன், மாறியது இலக்கம் மட்டுமே. அந்த 23 ரூபா 60 சதமும், வணிகனின் இலாபம் அதன்மேல் ஏறிய பின்னர், நோயாளியின் தலையில் விழுகிறது.

இலக்கத்தைத் தீர்மானிப்பது அத்துணை கடினமா என்று கேட்கலாம். சில பொருள்களில் ஐயமே இல்லை. மூக்குக் கண்ணாடியின் வில்லை 90.01இல் அடங்கும், சத்திர சிகிச்சையால் கண்ணுள் வைக்கும் வில்லை, உடலின் செயற்கை உறுப்பு என்ற முறையில் 90.21இல் அடங்கும். சத்திர சிகிச்சைக் கத்தி 90.18, சமையலறைக் கத்தி 82.11. இவை தெளிவானவை.

திருகாணியில்தான் வழக்குப் பிறந்தது. முறிந்த எலும்பைப் பிணைக்கும் திருகாணி சத்திர சிகிச்சைப் பொருளா, அன்றி உலோகச் சாமானா? பொதுப் பயன்பாட்டு உதிரிப் பாகங்கள் 90ஆம் அத்தியாயத்தில் சேரா என்று அவ்வத்தியாயத்தின் குறிப்பு விலக்கி வைத்திருந்தது. அதனைக் காட்டி, திருகாணி எங்கிருந்தாலும் திருகாணியே. உருக்காயின் உருக்கின் தலைப்பு, டைட்டேனியமாயின் டைட்டேனியத்தின் தலைப்பு என்று வாதிக்க இடமிருந்தது. ஐரோப்பாவில் இவ்வாதம் நீதிமன்றம் வரை சென்றது. 2017 ஏப்பிரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், மனித உடலில் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்ட திருகாணிகள் 90.21ஆம் தலைப்புக்கே உரியன என்று தீர்த்தது. பின்னர் இசைவாக்கப்பட்ட முறைமையின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் அக்குறிப்பே திருத்தப்பட்டது. உடலில் பொருத்தும் சாதனங்களில் மட்டும் பயன்படுமாறு விசேடமாக அமைக்கப்பட்டவை 90.21ஆம் தலைப்பில் சேரும் என்று அது இப்போது வெளிப்படையாகவே கூறுகிறது. பொருளின் உலோகத்தைப் பாராதே, அது ஆற்றும் பணியைப் பார் என்பதே இதன் சாரம்.

எனினும் 90ஆம் அத்தியாயத்தில் சேர்த்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாம் கூறமாட்டோம். சத்திர சிகிச்சைக் கையுறை இறப்பர்ப் பொருள்களின் 40ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. தையலிடும் நூல் 30ஆம் அத்தியாயத்தில். கிருமி நீக்கும் கலம் 84ஆம் அத்தியாயத்தில். சத்திர சிகிச்சை மேசை 94ஆம் அத்தியாயத்தில். ஒரே சத்திர சிகிச்சைக் கூடத்தில் ஒரே வேளையில் பயன்படும் பொருள்கள் தீர்வை நூலில் திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே, ஒரு தலைப்புக்கு மட்டும் சலுகை கொடுத்துவிட்டு வைத்தியத்துக்குச் சலுகை கொடுத்தோம் என்று மார் தட்டுவது பயனற்றது. மறுபுறம், தலைப்பின்மீதே வரி ஏற்றுவதும் எளிது. இந்தியா 2020ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 90.18 முதல் 90.22 வரையான தலைப்புகளின் கீழ் இறக்குமதியாகும் மருத்துவ சாதனங்கள்மீது நூற்றுக்கு 5 வீதம் சுகாதார மேல்வரி விதித்ததை நினைவுகூர்க.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பாராளுமன்றத்தின் அதிகாரமின்றி வரி விதித்தலாகாது என்பது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை. இலக்கத்தை மாற்றினால் வரி மாறும் என்றால், இலக்கத்தை மாற்றுபவன் வரி விதிப்பவனுக்கு நிகரானவன் அன்றோ? ஆகவே அவன் தன் தீர்மானத்துக்குக் காரணம் கூறக் கடமைப்பட்டவன். சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பறிமுதல் என்னும் கூரிய வாளை அது அதிகாரிகளின் கையில் வைத்திருக்கிறது. 2009இல் டொயோட்டா லங்கா வழக்கில் நம் உயர் நீதிமன்றம் அவ்வாளுக்கு ஓர் உறையிட்டது. தீர்வை குறைவாக அறவிடப்பட்டிருப்பின் அக்குறையை 18ஆம் பிரிவின் கீழ் அறவிடுக. அதற்காக 47ஆம் பிரிவின் கீழ் பொருளையே பறிமுதல் செய்தல் தகாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. மோட்டார் வண்டி வணிகருக்குக் கிட்டிய இந்நியாயம், எலும்புத் தகடு இறக்குமதி செய்பவருக்கும் உரியதே. எனினும், வழக்காடி நியாயம் பெறும் வரையில் முறிந்த எலும்பு காத்திருக்குமா?

வருமானம் குறையும் என்பார் அதிகாரிகள். குறையட்டும், நோயாளியின் எலும்பிலிருந்து எடுக்கும் வருமானம் குறைவதே நன்று. உள்நாட்டுக் கைத்தொழிலைக் காக்க வேண்டாமா என்பார் வேறு சிலர். உள்நாட்டில் செய்யப்படும் பொருளுக்கு அவ்வாதம் பொருந்தும். எவரும் செய்யாத பொருளுக்குச் செஸ் வரி விதித்து யாரைக் காப்பது? வலுவான ஆட்சேபம் ஒன்றும் உண்டு: சாதாரண ஆணியைச் சத்திர சிகிச்சை ஆணி என்று சொல்லி ஏமாற்றுவோர் தோன்றுவர். உண்மை. ஆனால் அதற்குக் காவல் ஏற்கெனவே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மருத்துவ சாதனத்தைப் பதிவு செய்து அனுமதி அளிப்பது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கடமை. அரசாங்கத்தின் ஒரு கை, 'இது மருத்துவ சாதனம். அனுமதி பெறாமல் கொண்டுவராதே' என்கிறது. மற்றக் கை அதே பொருளை இரும்புச் சாமானாக எண்ணி வரி கேட்குமாயின், அஃது எவ்வகை நிருவாகம்?

ஆதலின் நாம் கோருவன நான்கு.

முதலாவது, அதிகாரசபையும் சுங்கத் திணைக்களமும் திறைசேரியும் கூடி, எந்த அத்தியாயத்தில் கிடந்தாலும் சத்திர சிகிச்சைக்கு இன்றியமையாத பொருள்களை ஒரே பட்டியலாக வெளியிட்டு அப்பட்டியலுக்கே விலக்களிக்க வேண்டும். இஃது இயலாத காரியம் அன்று. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, உலக சுங்க அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து இத்தகைய பட்டியலொன்றை விரைந்து வெளியிட்டன.

இரண்டாவது, வகைப்படுத்தல் பற்றிய முன் தீர்மானங்களைக் காரணங்களுடன் தமிழிலும் சிங்களத்திலும் பிரசுரிக்க வேண்டும். முன் தீர்மானம் வழங்குதல், 2017இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை கூறும் கடமை. அது கொழும்பு முகவர்களுக்கு மட்டும் விளங்கும் மந்திரமாக இருத்தலாகாது.

மூன்றாவது, இலக்கம் பற்றிப் பிணக்கு எழுந்தால் பிணைப்பணம் பெற்றுக்கொண்டு பொருளை விடுவித்து, பிணக்கைப் பின்னர்த் தீர்க்க வேண்டும். இதற்கும் அதே உடன்படிக்கையின் 7ஆம் உறுப்புரை வழி வகுத்திருக்கிறது.

நான்காவது, குறைந்த வரியின் பயன் நோயாளிக்குச் சேர வேண்டும். விலையைக் கவனியாது வரியை மட்டும் நீக்கினால், நீங்கிய வரி வணிகனின் பைக்குள் போகும். இந்திய அரசு 2017 பெப்ரவரியில் இருதயக் குழாய்க்கு இடும் ஸ்டென்டின் உச்ச விலையை, மருந்து பூசாததற்கு 7,260 ரூபா, மருந்து பூசியதற்கு 29,600 ரூபா என்று நிர்ணயித்தது. அத்துணிவு நம் அரசாங்கத்துக்கும் வேண்டும்.

தீர்வை மாற்றங்கள் 1962ஆம் ஆண்டின் வருமானப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கட்டளைகளாக வர்த்தமானியில் வெளியாகிப் பின்னர்ப் பாராளுமன்றத்தின் முன் வருகின்றன. திகாமடுல்லப் பிரதிநிதிகள் அந்நேரத்தில் எழுந்து நின்று, 'எலும்புத் தகட்டுக்கு எந்த இலக்கம்? என்ன வரி?' என்று கேட்பார்களா? கமக்காரர் அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் ஒன்றுகூடி அக்கேள்வியை எழுதி அவர்கள் கையில் கொடுக்கட்டும். வயலுக்கு நீர் வராவிட்டால் நீர்ப்பாசன அலுவலகத்தின் முன் ஒன்றுதிரளத் தெரிந்த மக்கள் நாம். எலும்பு முறிந்தவனுக்காகவும் கண் மங்கியவளுக்காகவும் ஒருமுறை ஒன்றுதிரள்வோமாக.