தையல் மிஷினும் ஒரு பேனாதான்

வரலாற்றுப் பாடத்தில் எங்கள் ஊரின் பெயர் ஒரு நாளுக்காகத்தான் வருகிறது. 1948 ஜூன் 16. அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தேர்வுக்காக இதை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். ஆனால், அதே வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நின்ற நம் பாட்டிமார்களைப் பற்றி நான் மனப்பாடம் செய்த வரி ஒன்றுகூட இல்லை.

அந்த வரிகளை நாமே எழுத வேண்டும். பேனாவால் மட்டுமல்ல, தையல் மிஷினாலும் எழுதலாம் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டில் பாட்டியின் கால்மிதி மிஷின் ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் இருந்த காலத்தில், காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்து, மாலையில் லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாராம். மிஞ்சிய துண்டுகளையும் பழைய கைலிகளையும் சேர்த்துப் போர்வை தைப்பாராம். தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்தபோது மிஷினும் கூடவே வந்தது. பல வருடங்கள் அது துணி மூட்டை வைக்கும் மேசையாகத்தான் கிடந்தது. கடந்த விடுமுறையில் அதைத் துடைத்து எண்ணெய் விட்டேன். பாட்டி வேலை செய்த தோட்டத்தை ஒரு துணியில் படமாகத் தைப்பதுதான் திட்டம்.

“ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குய்யா தையலு?” என்றுதான் பாட்டி முதலில் கேட்டார்.

இந்த வகைத் தையலுக்கு ஃப்ரீ மோஷன் என்று பெயர். சாதாரணமாகத் தைக்கும்போது ஊசிக்கு அடியில் இருக்கும் பற்கள் துணியைப் பிடித்து நேராகத் தள்ளும். அந்தப் பற்களை இறக்கிவிட வேண்டும். இறக்க முடியாத மிஷின் என்றால் மெல்லிய தகட்டால் மூடிவிடலாம். துணியை வளையத்தில் இறுக்கிக்கொண்டால், அதன் பிறகு துணி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை நம் கைதான் முடிவு செய்யும். பேனா ஒரே இடத்தில் நிற்க, தாளை நகர்த்திப் படம் வரைவது போன்ற வேலை இது. கை வேகமாக ஓடினால் தையல் நீண்டு ஊசி உடையும். கை தயங்கினால் நூல் ஒரே இடத்தில் முடிச்சாகும். முதல் நாளில் மூன்று ஊசிகளை உடைத்தேன். துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு போலச் சுருண்டது. பாட்டி வந்து பார்த்துவிட்டு, மிஷினின் பின்னால் இருக்கும் நெம்புகோலைக் கீழே இறக்கினார். அதை இறக்காவிட்டால் மேல்நூலுக்கு இறுக்கம் வராதாம். நான் பார்த்த எத்தனையோ காணொளிகளில் என் கவனத்துக்கு வராத விஷயம் அது.

இது நமக்கு அந்நியமான கலை என்று நினைக்க வேண்டாம். பினாங்கிலும் மலாக்காவிலும் ஞோன்யா கெபாயாவின் பூவேலை பழைய தையல் மிஷினில் இதே முறையில்தான் செய்யப்படுகிறது. 2024 டிசம்பரில் மலேசியா உட்பட ஐந்து நாடுகளின் பாரம்பரியமாகக் கெபாயா யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் தேரை அலங்கரிக்கும் தொம்பைகளும் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்தவைதான். பாட்டியின் கேள்விக்குப் பதிலும் அங்கே இருக்கிறது. அந்த வேலையை ஆண்களும்தான் செய்கிறார்கள்.

துணி வரலாறு சொல்லுமா? 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த பிறகு, சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட ஐரோப்பியப் பெண்கள் மூன்று ஒட்டுப் போர்வைகளைக் கையால் தைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 கட்டங்கள். காயமடைந்த வீரர்களுக்கு என்று சொல்லி அனுமதி பெற்றுத் தைத்த அந்தக் கட்டங்களில், பலர் தங்கள் பெயரையும் சேர்த்தே தைத்தார்கள். வேறிடத்தில் அடைபட்டிருந்த கணவர்மாருக்கு, ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று தெரிவிக்கும் வழி அது. அவற்றுள் இரண்டு இன்றும் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன.

அதே காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். கஞ்சனாபுரி போர்க் கல்லறையில் நேச நாட்டு வீரர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பாதையில் மாண்ட தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்கள் கையில் ஊசியும் இல்லை, நேரமும் இல்லை. நம்மிடம் இரண்டும் இருக்கின்றன.

மற்ற நாடுகளில் இதைச் செய்திருக்கிறார்கள். 1973க்குப் பிந்திய ராணுவ ஆட்சியில் சிலி நாட்டுப் பெண்கள், காணாமல் போன பிள்ளைகளின் கதையைச் சாக்குத் துணியில் துண்டுத் துணிகளால் தைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்ற இலங்கை ஓவியர் ஹேமா ஷிரோனி, இடப்பெயர்வையும் இழந்த வீட்டையும் துணியில் நூலால் வரைகிறார். மியூசியத்தில் பார்க்கும்போது இதைக் கலை என்கிறோம். வீட்டில் பாட்டி செய்தால் மட்டும் ‘படிக்காதவர்கள் செய்யும் வேலை’ என்கிறோம். இந்தப் பார்வைதான் மாற வேண்டும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. ‘கைப்பேசியில் ஒரு படம் எடுத்தால் போதாதா?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எதைப் படம் எடுப்பது? லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை, ஆயாக்கொட்டகையும் இல்லை. அவை இருக்கும் ஒரே இடம் பெரியவர்களின் நினைவு. ‘பாட்டி, தோட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கைப்பேசியை நீட்டினால், “என்னத்தச் சொல்றது” என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். ஆனால், நான் லயத்தைத் தைக்கத் தொடங்கியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். “தண்ணிக்குழாய் இந்தப் பக்கம் இல்ல, அந்த முனையில” என்றார். குழாயைப் பிரித்து மறுபடி தைத்தேன். அந்தக் குழாயடியில் நடந்த சண்டைகள், ஒரு கல்யாணப் பேச்சு, ஒரு சாவு என்று எல்லாம் அன்று மாலை வெளியே வந்தன. தையல் மெதுவான வேலை. அந்த மெதுவான நேரத்தில்தான் பெரியவர்கள் பேசுகிறார்கள்.

‘இதனால் வருமானம் வருமா?’ என்பது அடுத்த கேள்வி. வராமலும் போகலாம். இதைத் தொழிலாக எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் போதும். அந்த நேரத்தை நாம் கைப்பேசியில் எப்படிச் செலவிடுகிறோம் என்பது நமக்கே தெரியும்.

பல்கலைக்கழகங்களில் உள்ள நம் மாணவர் கழகங்களுக்கு ஒரு யோசனை. ஆண்டுதோறும் கலைவிழாவுக்கு மேடை போடுகிறோம். அதோடு, ஒவ்வொருவரும் தம் குடும்பம் வாழ்ந்த தோட்டத்தை ஓர் அடிச் சதுரத் துணியில் தைத்து வரட்டும். மிஷின் இல்லாதவர்கள் கையால் தைக்கலாம். தோட்டத்தின் பெயரும், அங்கு உழைத்தவரின் பெயரும் அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் இணைத்தால் ஒரு பெரிய திரை கிடைக்கும். அதைத் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கொண்டுபோய்த் தொங்கவிட்டால், பிள்ளைகள் தங்கள் தோட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

ஆனால், காத்திருக்க நேரமில்லை. பாட்டிக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் தெரிவதில்லை, நான்தான் கோக்கிறேன். என் துணியில் வலது மூலை இன்னும் காலியாக இருக்கிறது. அங்கே கோயில் இருந்ததா, ஸ்டோர் இருந்ததா என்பதில் பாட்டிக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவரோடு வேலை செய்த ஒருவர் பக்கத்துத் தாமானில் இருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை துணியை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறோம். உங்கள் வீட்டுப் பெரியவரிடமும் இந்த வாரமே கேளுங்கள்.