ஆகாயத்துக் கிணறும் பாகப் பிரிவினையும்

மரக்காணம் கரையிலிருந்து விடியுமுன்னே படகு தள்ளிப் போகிற மீனவர், அந்தக் காலத்தில் நட்சத்திரத்தையும் கரை விளக்கையும் பார்த்து வழி கண்டார். இன்று பலர் கையில் ஜி.பி.எஸ். பெட்டி இருக்கிறது. எங்கே வலை விட்டோம், கரை எத்தனை தூரம் என்பதை அது சொல்லும். பெட்டியை அவர் காசு கொடுத்து வாங்கினார். ஆனால் பெட்டிக்குள் வந்து விழும் சேதி யாருடையது? அமெரிக்க ராணுவம் ஆகாயத்தில் சுற்றவிட்டிருக்கும் செயற்கைக்கோள்களுடையது. அதற்கு அவர்கள் காசு கேட்பதில்லை. காசு கேட்காமல் கொடுக்கிறவன், காரணம் சொல்லாமல் நிறுத்தவும் முடியும்.

இது கடலுக்குப் போகிறவர் பாடு, நமக்கென்ன என்று ஆலைத் தொழிலாளியோ கூலி விவசாயியோ நினைக்க வேண்டாம். செல்போன் கோபுரமும், மின்சாரக் கட்டமைப்பும் இந்த ஆகாயக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரத்தைச் சரி செய்து கொள்கின்றன. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல், வந்தவர்களைச் செல்போனில் படம் பிடித்து, இடத்தின் குறியோடு அனுப்பினால்தான் வருகை என்று மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. வெயிலில் மண் வெட்டியவளின் ஒரு நாள் கூலி, இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொருளோடு முடிச்சுப் போடப்பட்டது அப்படித்தான்.

ஆகவே, அந்தப் பொருளில் பங்கு வைத்திருந்த ஒரு தேசம் அதை இழந்த கதையை நாம் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. அந்தத் தேசம் பிரிட்டன்.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ்.ஸையே நம்பியிருக்க முடியாது என்று ஐரோப்பிய யூனியன் நாடுகள் கூட்டாகக் கட்டியது கலிலியோ. அதில் இரண்டு வகைச் சேதி உண்டு. ஒன்று எல்லோருக்கும் திறந்தது. இன்னொன்று பூட்டுப் போட்டது. ராணுவம், போலீஸ், தீயணைப்பு போன்ற சர்க்கார் காரியங்களுக்கானது. மற்றவை முடங்கினாலும் பூட்டுப் போட்ட சேதி எளிதில் முடங்காது. பிரிட்டன் இந்தத் திட்டத்துக்குச் சுமார் 120 கோடி பவுன் கொடுத்தது. பணம் மட்டுமா? 2005 டிசம்பரில் மேலே போன முதல் பரிசோதனைக் கோளைச் செய்தது கில்ஃபோர்ட் நகரத்துத் தொழிற்கூடம். பின்னால் போன கோள்களில் 34-க்கு, சேதி அனுப்பும் கருவியைச் செய்ததும் அதே கூடத்தின் கைகள்தான்.

2016 ஜூன் 23-ல் ஓட்டெடுப்பு. நூற்றுக்கு ஏறக்குறைய 52 பேர் யூனியனை விட்டு விலகலாம் என்றார்கள். சுரங்கமும் ஆலையும் மூடிப் பாழான ஊர்களில் தொழிலாளிகள் பலர் கோபத்தில் அப்படி ஓட்டுப் போட்டார்கள். அந்தக் கோபத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் “நம் பிடி நம் கைக்கே வரும்” என்று மேடைகளில் முழங்கிய கனவான்களில் எத்தனை பேர், ஆகாயத்தில் இருக்கும் பங்கு என்னவாகும் என்று அந்த ஜனங்களுக்குச் சொன்னார்கள்?

நம் ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்துவிடலாம். கிணற்றைப் பிரிக்க முடியாது. பத்திரத்தில் தண்ணீர் முறை எழுதாமல் வெளியேறியவன், தானும் சேர்ந்து வெட்டிய கிணற்றைக் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். இங்கே பத்திரம் எழுதியே இருந்தது. பூட்டுப் போட்ட சேதியின் உள் வேலைகள் யூனியனுக்கு வெளியே உள்ளவர்களுக்குக் கிடையாது என்பது விதி. அன்னியரைத் தள்ளி வைக்க, பிரிட்டனும் உள்ளே உட்கார்ந்து சம்மதித்த விதி! வெளியே வந்தபின் அந்த அன்னியர் பிரிட்டனே ஆயிற்று.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. ஸ்வான்விக் என்ற ஊரிலிருந்த பாதுகாப்புக் கண்காணிப்பு நிலையத்தை ஸ்பெயினுக்கு மாற்ற 2018 ஜனவரியிலேயே முடிவாயிற்று. போர்ட்ஸ்மத்தில் நடந்துவந்த தரைக்கட்டுப்பாட்டு வேலையும் ஸ்பெயின் கம்பெனி ஒன்றுக்குப் போயிற்று. 2018 நவம்பர் 30-ல் விஞ்ஞான மந்திரி சாம் ஜிமா ராஜினாமா செய்தார். அதே சமயத்தில் பிரதமர் தெரசா மே, பூட்டுப் போட்ட சேதி நமக்கு வேண்டாம், சொந்தமாகவே கட்டுவோம் என்றார். ஆராய்ச்சிக்கு 9.2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். முழுதும் கட்டி முடிக்க 300 கோடி முதல் 500 கோடி பவுன் ஆகும் என்று தெரிந்தது. 2020 செப்டம்பரில் அந்தத் திட்டத்தைச் சுருட்டி வைத்தார்கள். 2021 ஜனவரியில் கலிலியோவின் புதிய கோள்களுக்கான ஒப்பந்தங்கள் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போயின. கில்ஃபோர்டுக்கு ஒன்றுமில்லை.

செல்போனில் கலிலியோவின் திறந்த சேதி பிரிட்டிஷ்காரருக்கு இன்றும் கிடைக்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் எக்னாஸ் என்றொரு துணை ஏற்பாடு உண்டு. ஜி.பி.எஸ். சேதியின் பிழையைத் திருத்தி, மேகமூட்டத்திலும் சிறிய விமான நிலையங்களில் விமானம் இறங்க வழி காட்டுவது. 2021 ஜூன் 25 முதல் அதன் உயிர்காப்புச் சேவை பிரிட்டனுக்கு இல்லை. அந்த அலை இன்னமும் பிரிட்டிஷ் மண்மீது விழுகிறது. அதை நம்பி விமானத்தை இறக்கும் உரிமைதான் போய்விட்டது. ஸில்லி போன்ற தீவுகளுக்குப் பறக்கும் சிறு விமானங்கள் பனிமூட்டத்தில் அதன் விலையைக் கொடுத்தன.

இதற்கிடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. திவாலாகிக் கிடந்த ஒன்வெப் என்ற கம்பெனியில், 2020-ல் பிரிட்டிஷ் சர்க்கார் 50 கோடி டாலர் போட்டது. நம் நாட்டு பார்தி முதலாளிகளும் அதே தொகையைப் போட்டார்கள். அது வழிகாட்டும் கோள் அல்ல, இன்டர்நெட் கோள்! மாடு வாங்கப் போனவன் குதிரையோடு வந்தான் என்று அங்குள்ளவர்களே சிரித்தார்கள். 2022-ல் உக்ரைன் யுத்தம் மூண்டதும் ரஷ்யா அந்தக் கோள்களை ஏற்ற மறுத்தது. கடைசியில் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் தடவைக்கு 36 ஆக அவற்றை ஏற்றி அனுப்பியது, இதே கிழக்குக் கரையில் நமக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டா. 2023 செப்டம்பரில் ஒன்வெப், பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட யூட்டெல்சாட்டோடு இணைந்தது. ஐரோப்பாவை விட்டு ஓடிய பணம் ஐரோப்பாவிலேயே போய் உட்கார்ந்தது.

யூனியன் பிரிந்தால் கிணறு தகராறாகும் என்பதற்குப் பிரிட்டன் முதல் சாட்சியல்ல. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தபோது, ஸ்புட்னிக்கும் ககாரினும் புறப்பட்ட பைக்கனூர் ஏவுதளம் கஜகஸ்தானில் நின்றுவிட்டது. அதற்கு ரஷ்யா ஆண்டுக்கு 11.5 கோடி டாலர் குத்தகை கட்டுவதாயிற்று. 1995-ல் 24 கோள்களோடு முழுமையடைந்த அவர்களுடைய குளோநாஸ், பணமின்றிப் பராமரிப்பின்றி 2001-ல் ஏழெட்டுக் கோள்களாகத் தேய்ந்தது. மறுபடி நிமிர பத்து ஆண்டுகள் பிடித்தன.

நம் நிலைமை என்ன? 1999 கார்கில் யுத்தத்தில் அமெரிக்கா இடக்குறிச் சேதியைத் தர மறுத்தது என்பது நம் நாட்டில் பலரும் சொல்லும் விஷயம். அமெரிக்கா ராணுவம் தவிர்த்த மற்றவர்களுக்கு 2000 மே வரை வேண்டுமென்றே பிசகான சேதியைக் கொடுத்துவந்தது என்பதோ, அவர்களே ஒப்புக்கொண்ட உண்மை. ஆகவே இந்தியா சொந்தமாக ஏழு கோள்களை 2013-லிருந்து 2016-க்குள் ஏற்றியது. நாவிக் என்று பெயரிட்டார்கள். மிகவும் சரியான காரியம்.

ஆனால் சொந்தக் கிணறு வெட்டினால் மட்டும் போதுமா? தூர் வார வேண்டாமா? இந்தக் கோளின் உயிர் அதிலுள்ள அணுக் கடிகாரம். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், நிலத்தில் 300 மீட்டர் பிசகும். முதல் கோளில் வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்த மூன்று கடிகாரங்களும் 2016-ல் நின்றுபோயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள், ராக்கெட்டின் மூடி திறக்காமல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. நம் நாட்டிலேயே செய்த கடிகாரத்தோடு ஒரு கோள் 2023 மே மாதம் போயிற்று. அதைச் செய்தவர்களுக்கு நம் வணக்கம். அடுத்தது 2025 ஜனவரியில் போய், உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. இடம் காட்டும் வேலையைச் செய்பவை நாலு கோள்களே என்று 2025 ஜூலையில் சர்க்கார் பார்லிமெண்டில் பதில் சொன்னது. இடத்தைக் கணிக்கக் குறைந்தது நாலு வேண்டும். கட்டிலுக்கு நாலு கால். அதில் ஒன்று ஆடினால்?

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த குமரி, கேரள மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவேயில்லை. செல்போன் அலையும் வயர்லெஸும் அத்தனை தூரம் போகாது. எத்தனையோ குடும்பங்கள் உடலைக்கூடக் காணவில்லை. அதற்குப் பின்தான் செயற்கைக்கோள் வழியே படகுக்கு எச்சரிக்கை சொல்லும் கருவிகள் பேச்சுக்கு வந்தன. ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் கருவி பொருத்தும் திட்டத்தை மத்திய சர்க்கார் அறிவித்திருக்கிறது.

2020 நவம்பரில் நிவர் இந்த மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே ஏறி, விழுப்புரம் ஜில்லாவையே மூழ்கடித்தது. அடுத்த புயலுக்குள் சில கணக்குகள் வேண்டும். நின்றுபோன கோள்களுக்கு மாற்று எந்த மாதம் போகும்? அந்த ஒரு லட்சத்தில் மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரையுள்ள குப்பங்களுக்கு எத்தனை கருவி, அதில் சிறிய ஃபைபர் படகுகளுக்கு எத்தனை? பாத்தியில் உப்பு வாருகிற பெண்ணுக்கு, மழை வருமுன் தமிழில் சேதி சொல்வது யார்? மரக்காணத்து ஜனங்கள் இதைத் தங்கள் பார்லிமெண்ட் உறுப்பினரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பதிலையும் எழுத்திலேயே வாங்க வேண்டும்.