பொய்யாய் அலறும் மணி



ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு இம்மாதப் பக்கத்தைத் தொடங்குகின்றேன்.

எங்கள் வீட்டிற்கு மூன்றாவது வீட்டில் ஒரு சகோதரி தம் இரு பிள்ளைகளுடனும் வயது முதிர்ந்த மாமியாருடனும் வாழ்ந்து வருகின்றார். கணவர் வளைகுடாவில் பணிபுரிகின்றார். சென்ற முறை விடுமுறையில் வந்தவர், வீட்டிற்குத் திருட்டு அலாரம் ஒன்றைப் பொருத்திவிட்டு நிம்மதியாக விமானம் ஏறினார். அந்த வாரமே அது நள்ளிரவில் அலறத் தொடங்கியது. முதல் நாள் தெருவே திரண்டது. கள்வன் எவனும் இல்லை. மறுநாளும் அலறியது, நான்கு பேர் சென்றோம். பத்து நாள்கள் கழிந்தபின் எவரும் செல்லவில்லை. பின்னர் ஓர் இரவு அது அலறியபோது, நானும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

அன்று அது பொய் சொல்லவில்லை. கொல்லைப்புறக் கதவை நெம்பித் திறந்திருந்தார்கள். மாமியார் விழித்துக் கூச்சலிட்டதால், கைக்கு எட்டிய இரண்டு கைப்பேசிகளோடு ஓடிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் ஊறு நேரவில்லை. மறுநாள் அச்சகோதரி என் மனைவியிடம் கேட்டது ஒன்றே: "மணி அடித்தது உங்களுக்குக் கேட்கவில்லையா, லாத்தா?"

கேட்டது. அதனால்தான் இதனை எழுதுகின்றேன்.

பத்து நாள்களும் அந்த மணியை அலறச் செய்தது எது தெரியுமா? பல்லி! நடுக்கூடத்துக் குழல்விளக்கின் அருகே சென்சாரைப் பொருத்தியிருந்தார்கள். விளக்கைத் தேடிப் பூச்சி வந்தது. பூச்சியைத் தேடிப் பல்லி வந்தது. பல்லி சென்சாரின் முகப்பின் மேலேயே ஊர்ந்தது. கண்ணுக்கு மிக அருகே வந்துவிட்டால் சிறு பல்லியும் அக்கருவிக்குப் பேருருவமே. ஆகவே அலாரம் வாங்க எண்ணும் வாசகர்கள், "எவ்வளவு உரக்க அலறும்?" என்பதைவிட, "காரணமின்றி அலறாதிருக்க என்ன செய்திருக்கிறீர்கள்?" என்பதையே முதலில் கேளுங்கள்.

மின்சாரத் திருட்டு மணிக்கு 1853ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும் என்பது அவர் கண்ட முறை. அத்தகைய சுற்றில் கம்பியை அறுத்தால் மணி ஊமையாகிவிடும். இன்றைய நல்ல அமைப்புகளில் நிலை இதற்கு நேர்மாறானது. கதவு மூடியிருக்கும் வரை சுற்று இணைந்தே இருக்கும். கதவு திறந்தாலும் அறுபடும், கம்பியை வெட்டினாலும் அறுபடும். இரண்டிலும் மணி ஒலிக்கும். பொருத்துபவரிடம் இதனைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

முதலில் செலவிட வேண்டிய இடம் கதவுகளே. கதவில் ஒரு சிறு காந்தம், நிலையில் ஒரு சிறு சுவிட்ச். இரண்டும் பிரிந்தால் செய்தி போகும். விலை குறைவு, பல்லிக்கும் பூனைக்கும் அசையாது. ஆனால் நம் பழைய வீட்டு மரக்கதவுகள் ஐப்பசி மழையில் ஊதி, பங்குனி வெயிலில் சுருங்கும். இடைவெளி சற்றே மாறினாலும் பொய்ச் செய்தி பிறக்கும். ஆதலால் கூடுதல் இடைவெளியைத் தாங்கும் வகையைக் கேளுங்கள். இரும்புக் கதவு காந்தத்தின் வலிமையைக் குறைத்துவிடும். அதற்கென உள்ள கனமான வகையையே பொருத்துங்கள். வாசற்கதவைவிடக் கொல்லைக்கதவையும் மொட்டைமாடிக் கதவையும் மறவாதீர்கள்.

அடுத்தது, ஆள் நடமாட்டத்தை உணரும் அகச்சிவப்புச் சென்சார். அது எதையும் வெளியே வீசுவதில்லை. உடல் வெளியிடும் வெப்பக் கதிரை மட்டுமே உணரும். ஆள் நேர் எதிரே வருவதைவிடக் குறுக்கே கடப்பதை நன்கு உணரும். எனவே ஏறத்தாழ ஏழடி உயரத்தில், அறையின் மூலையில், நடக்கும் வழிக்குக் குறுக்காகப் பார்க்கும்படி வையுங்கள். வெயில் விழும் சன்னலை நோக்கியும், மின்விசிறியில் ஆடும் திரையை நோக்கியும், விளக்கின் அருகிலும் வைக்காதீர்கள். கம்பி நுழையும் துளையைச் சிலிக்கான் பசையால் அடைத்துவிட்டால் எறும்பு உள்ளே குடியேறாது.

இன்னொன்றும் உண்டு. உடலின் வெப்பத்திற்கும் சுவரின் வெப்பத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே இக்கருவி ஆளை அறிகிறது. கத்திரி வெயிலில் பூட்டிய அறை 35 பாகை செல்சியசைக் கடக்கையில் அவ்வேறுபாடு சுருங்கி, அதன் பார்வை மங்கும். வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் வகையா எனக் கேட்டு வாங்குங்கள்.

இரவில் வீட்டார் உறங்கும்போது கதவுகள் மட்டும் காவலில் இருக்க, உள்சென்சார்கள் ஓய்ந்திருக்கும் முறை எல்லா நல்ல கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் உண்டு. தஹஜ்ஜுதுக்கு எழும் உம்மா அஞ்சி அஞ்சி நடக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டுச் சகோதரிக்கு எவரும் இதனைச் சொல்லித்தரவில்லை!

மின்தடை நமக்குப் புதிதன்று. பெட்டிக்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருப்பது வழக்கம். சிறிய வீட்டின் அமைப்பு ஏறக்குறைய ஒரு நாள் அதில் ஓடும். ஆனால் வெப்பத்தில் அதன் ஆயுள் விரைந்து தேயும். மாடிப்படியின் கீழ் வெயில் படாத இடத்தில் பெட்டியை வையுங்கள். மூன்றாண்டு ஆனதும் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

சைரனை ஏணியின்றி எட்டாத உயரத்தில் வையுங்கள். தனக்கெனச் சிறு பேட்டரியும், மூடியைத் திறந்தால் ஒலிக்கும் அமைப்பும் அதில் இருக்கட்டும். கைப்பேசிக்கு அழைப்பு விடுக்கும் கருவியும் வாங்கினால், அதிலுள்ள சிம் அட்டைக்கு உரிய காலத்தில் பணம் செலுத்த மறவாதீர்கள். 4ஜி இணைப்பு உள்ள கருவியே நல்லது. 2ஜி மட்டும் உள்ள கருவியில் எல்லா நிறுவனத்தின் சிம்மும் இயங்காது. அழைப்பு முதலில் போக வேண்டியது துபாயில் இருக்கும் கணவருக்கன்று. ஐந்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடிய தெருவாசிகள் இருவருக்கு.

இக்கடைசிச் செய்தியே எல்லாவற்றிலும் தலையாயது. அலாரம் கள்வனைப் பிடிப்பதில்லை. அண்டை வீட்டாரை எழுப்புகிறது, அவ்வளவே. எழும் மனிதர் இல்லையேல் அது வெறும் இரைச்சல். பொருத்தும் முன் இருபுறத்து வீட்டாரிடமும் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை, பகலில், சொல்லிவிட்டு ஒலிக்கச் செய்து பாருங்கள். காரணமின்றி இரண்டாம் முறை அலறினால் மூன்றாம் இரவு வரை பொறுக்காமல் பொருத்தியவரை அழையுங்கள். வீட்டைப் பூட்டி வெளியூர் செல்வோர் காவல் நிலையத்திலும் தெரிவியுங்கள்.

அச்சகோதரியின் வீட்டுச் சென்சார் இப்போது விளக்கிலிருந்து விலகி வேறு மூலைக்குச் சென்றுவிட்டது. அழைப்புப் பட்டியலில் முதல் எண் என்னுடையது. நானே கேட்டுப் பெற்றேன். இனி அந்த மணி ஒலித்தால், பொய்யோ மெய்யோ, இன்ஷா அல்லாஹ், நான் எழுவேன்.

உங்கள் தெருவில் ஒலித்தால் நீங்களும் எழுவீர்கள்தாமே?