ஒரே படகில் பெற்றவரும் பிள்ளையும்



ஜெலாப்பாங்கில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "சாக்கடைக்கு" என்று பதில் வரலாம். அதற்கப்பால் அந்தத் தண்ணீர் சுங்கை பாரியில் இறங்கி, கிந்தா ஆற்றில் சேர்ந்து, பேராக் ஆற்றோடு கலக்கிறது. தெலுக் இந்தானைத் தாண்டி, பாகான் டத்தோ பக்கம் கடலைத் தொடுகிறது. தைப்பூசத்துக்குச் சுங்கை பாரி மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலைக்குக் காவடி எடுப்பவர்கள் நாம். ஆற்றங்கரை நமக்குப் பழகிய இடம். ஆற்றில் இறங்கித் துடுப்புப் போட்டவர்கள்தான் குறைவு.

அதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆறும் ஈயக்குட்டையும் அடி வாங்கித் தந்த இடங்கள். பிள்ளையைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த வீடுகளைப் பார்த்த தாய்மார்கள் பிரம்பை எடுத்ததில் தவறில்லை. ஆனால் பயத்தை மட்டுமே பிள்ளைக்குக் கொடுத்தால், ஆறு அதற்கு என்றைக்கும் ஆபத்தாகவே இருக்கும். கூடவே இறங்கிக் கற்றுக்கொடுப்பது பெற்றவர் வேலை.

அப்படிப் பிள்ளைகளோடு இறங்கிய ஒருவர் கனடாவின் வினிபெக் நகரத்துக்காரர் டான் ஸ்டார்க்கெல். 1980 ஜூன் 1 அன்று தம் மகன்கள் டானா, ஜெஃப் இருவரோடும் ஒரு கேனோவில் புறப்பட்டார். மிசிசிப்பி வழியாகக் கடலுக்கு வந்து, கரையோரமாகவே தென் அமெரிக்கா சேர்ந்து, ஒரினோகோ ஆற்றில் ஏறி, அமேசானில் இறங்கி, 1982 மே மாதம் பெலெம் நகரை அடைந்தார்கள். 19,000 கிலோமீட்டருக்கும் அதிகம்! ஜெஃப் மெக்சிகோவிலேயே விடைபெற்றார். அப்பா அவரை அனுப்பிவைத்துவிட்டு மற்ற மகனோடு தொடர்ந்தார். ஆஸ்துமாவுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த டானா, பயணத்தின் போக்கில் அந்த மருந்தையே விட்டார். கூடவே ஒரு கிட்டாரும் வந்தது. வழியெல்லாம் வாசித்துப் பழகினார்.

அவ்வளவு தூரம் யாரும் போகவேண்டாம். ஆனால் கேனோவில் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முன்னால் இருப்பவருக்குப் பாறையும் மரக்கட்டையும் முதலில் தெரியும். குரல் கொடுப்பது அவர் பொறுப்பு. பின்னால் இருப்பவர் துடுப்பைச் சற்றே திருப்பிப் படகின் போக்கைப் பிடிப்பார். பத்து வயதுப் பிள்ளை "அப்பா, வலது பக்கம்!" என்றால், அப்பா கேட்டே ஆகவேண்டும். வீட்டில் அப்படி எத்தனை முறை கேட்கிறோம்? இன்னொன்று: இருவர் முகமும் ஆற்றைப் பார்த்திருக்கும். சோற்று மேசையில் முகத்துக்கு நேரே கேட்டால் "ஒன்றுமில்லை" என்று முடித்துக்கொள்ளும் பிள்ளை, முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி பள்ளிக்கதை முழுவதையும் சொல்லிவிடும். பாதி வழியில் இடம் மாறிக்கொள்ளுங்கள். பின்னால் பிள்ளை, முன்னால் நீங்கள். நம்பிக்கை என்பதைப் பெற்றவர்கள் பழகும் இடம் அதுதான்.

நம்மவருக்கு ஆற்றில் சொல்ல ஒரு கதையும் இருக்கிறது. 1876இல் அமேசான் பகுதியிலிருந்து ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகள் சில 1877இல் பேராக் ஆற்றங்கரையில், கோலகங்சாரில் நடப்பட்டன. நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது அந்த மரம்தான். ஸ்டார்க்கெல் மகனோடு சென்று சேர்ந்த ஆறும், நம் குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றிய ஆறும் ஒன்றே. கோலகங்சாரில் இன்றும் நிற்கும் பழைய ரப்பர் மரத்தைப் பிள்ளைக்குக் காட்டிவிட்டு, எதிர்க்கரை சாயோங்கில் கறுப்பு மண்கூஜா செய்வதையும் பார்த்துவிட்டுப் படகு ஏறலாம்.

சில வார்த்தைகள் கண்டிப்பாக. முதல் பழக்கம் லெங்கோங் பக்கத்து ரபான் ஏரி போன்ற அமைதியான நீரில் இருக்கட்டும். கோப்பேங்கில் கம்பார் ஆற்றின் வேகம் பிறகு. ஊர் ஆற்றை அறிந்த வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள். லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவுக்கு இருக்கவேண்டும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறக்கூடாது. கோலகங்சாருக்கு மேலே சென்டெரோ அணை இருக்கிறது; நீர் திறந்துவிட்டால் ஆறு ஏறும், விசாரித்துவிட்டே போங்கள். தெலுக் இந்தான் பக்கம் முதலைகள் உண்டு. அங்கே பெரிய படகே போதும். மலையில் மழை இருட்டினால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அடுத்த பள்ளி விடுமுறைக்கு அம்மாவோ அப்பாவோ ஒரு பிள்ளையோடு ஒரு நாள் போய்வாருங்கள். போய்வந்ததைப் பிள்ளையே தன் கையால் எழுதி அனுப்பட்டும். எழுத்துப்பிழையோடு வந்தாலும் படித்து, திருத்தி, அதற்குரிய பக்கம் ஒதுக்குவது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்